பெல்ட்டில் திரும்பப் போன பழம்: ஒரு மாங்கூழ் ஆலையின் நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துகிறவர்களிடம் சீசன் சமயத்தில் பேச்சுக் கொடுத்தால், பழத்தின் விலைக்கு அடுத்தபடி அவர்கள் புலம்புவது ஆட்களைப் பற்றித்தான். ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை, நின்றாலும் வேலையில் மனசு இல்லை, நூறு நாள் வேலைக்குப் போய்ப் போய் சும்மா நிற்கப் பழகிவிட்டார்கள் என்று வரிசையாக வரும். அந்த “மனசு இல்லை” என்ற வார்த்தையை மட்டும்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதைச் சொல்கிறவர்கள் ஏதோ வேலைக்கு வரும் பெண்களின் பிறவிக் குணத்தைச் சொல்வதுபோலவே சொல்கிறார்கள், அது எனக்கு ஒப்பவில்லை. நான் பார்த்த ஆலையில் காலையில் வேனை விட்டு இறங்கும்போது அவர்களுக்கு மனசு இருந்தது. பத்து மணிக்குள் வேலை அதை அவர்களிடமிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டது. எப்படி வாங்கியது, அதில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

சிறு தொழிற்சாலைகளுக்குப் பணியாளர் விஷயங்களில் ஆலோசனை சொல்வது என் வேலை. ஆலையின் பெயரும் ஊரும் வேண்டாம், பர்கூர் பக்கம் என்பது போதும். அப்பா ஆரம்பித்தது, இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். பாய்லர், லேப், பையில் கூழ் நிரப்பும் இடம் ஆகியவற்றில் நிரந்தர ஆட்கள். பழம் இறக்கும் ஆண்களும், பெல்ட்டிலும் சீவும் மேசையிலும் நிற்கும் பெண்களும் சீசனுக்கு மட்டும் வருகிறவர்கள். பெண்களை மேஸ்திரிகள் சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து வேன் வைத்துக் கூட்டிவருவார்கள். மே மாதம் அல்போன்சா கொஞ்சம் ஓடும், அப்புறம் ஜூன், ஜூலை முழுக்க பெங்களூராதான். கிளிமூக்கு என்றும் தோத்தாபுரி என்றும் சொல்லும் இந்த ரகத்தை நம்பித்தான் சித்தூர் முதல் கிருஷ்ணகிரி வரை இத்தனை கூழ் ஆலைகள் நிற்கின்றன.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது எல்லாம் அதில்தான் இருக்கிறது. லோடு வந்து யார்டில் பழுத்த பழம் கழுவப்பட்டு பெல்ட்டில் ஏறும். இருபுறமும் நிற்கும் பெண்கள் அழுகலையும் அடிபட்டதையும் காயாக இருப்பதையும் பொறுக்கிப் பக்கத்துக் கிரேடில், அதாவது பழப் பெட்டியில், போடுவார்கள். அடுத்த மேசையில் காம்புப் பக்கம் சீவப்படும். அதைத் தாண்டினால் கொட்டை பிரிக்கும் இயந்திரம், கூழ், சூடேற்றுவது, பையில் நிரப்பி டிரம்மில் அடைப்பது. பெல்ட்டைத் தாண்டிவிட்ட அழுகல் பழத்தை அதற்கப்புறம் எந்த இயந்திரமும் பிடிக்காது. சூட்டில் பூஞ்சை செத்துவிடும், ஆனால் அதன் இழைகள் கூழிலேயே தங்கிவிடும், மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணினால் தெரிந்துவிடும். கூழ் வாங்குகிற கம்பெனிகள் அந்த எண்ணிக்கையைப் பார்த்துச் சரக்கையே திருப்பி அனுப்புவதுண்டு. 2024 சீசனில் இந்த ஆலைக்கு அப்படி ஒரு சரக்கு திரும்பி வந்தது. அதோடு சீசன் நடுவில் பெண்கள் கூட்டமாக வேறு ஆலைக்குப் போவதும் நடந்தது. மகன் என்னைக் கூப்பிட்டது ஒரு நல்ல பேச்சாளரை ஏற்பாடு செய்து தரச் சொல்லித்தான், பெண்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஊக்கமாகப் பேசினால் மாறுவார்கள் என்று அவர் நம்பினார். பேச்சாளர் இருக்கட்டும், முதலில் பெல்ட் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்று சொன்னேன்.

பெல்ட்டருகே கண்டது

ஒரு அக்கா, நாற்பத்தைந்து வயதிருக்கும், பெல்ட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். காம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம், கட்டைவிரல் வைத்ததும் தோல் உள்ளே போனது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பக்கத்துக் கிரேடைப் பார்த்தார், அது ஏறக்குறைய நிரம்பியிருந்தது. சூப்பர்வைசர் நின்ற பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, கறுப்பு அடியில் போகும்படி பழத்தைத் திருப்பி, மறுபடியும் பெல்ட்டிலேயே வைத்தார்.

கவனமில்லாத ஆள் செய்கிற காரியம் இல்லை இது. பார்த்திருக்கிறார், தொட்டிருக்கிறார், முகர்ந்திருக்கிறார், முடிவெடுத்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். “தெரியாம இல்ல சார். கிரேடு ரொம்பிட்டா எடை போடுவாங்க, நல்ல பழத்தையெல்லாம் தள்ளிட்டன்னு பத்து பேரு முன்னாடி கேப்பாங்க. உள்ள போயிட்டா எவ வச்சதுன்னு யாருக்குத் தெரியப்போவுது?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் மறுக்கவில்லை. இன்னொரு பெண், வயது குறைந்தவர், அவர் வேலைக்கு வந்த முதல் வாரம் சந்தேகமான பழத்தையெல்லாம் எடுத்துப் போட்டதாகவும், கிரேடைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாகக் காட்டி “இது கெட்டதா? இது கெட்டதா?” என்று தன்னிடம் கேட்டார்கள் என்றும், அன்றிலிருந்து கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரிவதைத் தவிர வேறெதையும் எடுப்பதில்லை என்றும் சொன்னார்.

வில்லியம் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் எனக்கு மிகவும் உதவியது. ஒரு கோடைக்கால முகாமில் வேலை செய்தவர்களையும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை செய்தவர்களையும் கூட இருந்து கவனித்தும் பேட்டி எடுத்தும் அவர் எழுதியது அது. ஈடுபாடு என்பது ஒரு ஆளிடம் எப்போதும் ஒரே அளவில் இருக்கும் சரக்கு கிடையாது, ஒரே வேலையில் ஒரே நாளில் கூட ஒருவர் தன்னை உள்ளே கொடுக்கிறார், எடுத்துக்கொள்கிறார், மறுபடி கொடுக்கிறார் என்று காட்டினார். கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது தன்னையறியாமல் மூன்று கேள்விகளை அவர் கேட்டுக்கொள்கிறார்: இதில் என்னைக் கொடுத்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டா, கொடுத்தால் எனக்கு ஏதும் கெடுதல் வந்துசேருமா, கொடுக்க என்னிடம் தெம்பு மிச்சம் இருக்கிறதா. பின்னால் 2004-இல் டக்ளஸ் மே என்பவரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவன ஊழியர்களிடம் இதைக் கேள்வித்தாள் வைத்துச் சோதித்தபோது மூன்றுமே ஈடுபாட்டோடு தொடர்புள்ளவை என்று வந்தது, அர்த்தம் என்பதற்குத்தான் வலு அதிகம். ஆனால் நம் ஆலையில் நான் பார்த்த வரையில் முதலில் உடைந்திருந்தது இரண்டாவது கேள்வி. பழத்தை எடுத்தால் திட்டு, விட்டால் திட்டு இல்லை. இந்தக் கணக்கை எல்லாரும் ஒரு வாரத்தில் படித்துவிடுகிறார்கள்.

சூப்பர்வைசரை வில்லனாக்கிவிட வேண்டாம். காவேரிப்பட்டணத்துக்காரர், பல சீசன் பார்த்தவர், பெண்கள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கழிவு எடை கூடினால் பழம் வாங்குகிற பிரிவிலிருந்து அவருக்குப் போன் வரும், பூஞ்சை எண்ணிக்கை கூடினால் லேபிலிருந்து ஆள் வரும். இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான், இரண்டில் எதையுமே மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. ராபர்ட் காரசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் சொன்ன விஷயம் இதுதான்: நெருக்கடி அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலைதான் ஆளை அதிகமாக அரிக்கும். தனக்கு மேலிருந்து வந்ததை அவர் அப்படியே கீழே இறக்கினார். பெண்களின் ஈடுபாட்டைப் பற்றி ஆராயப் போன இடத்தில் அவருடைய ஈடுபாட்டைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதே இல்லை என்பதுதான் எனக்கு முதலில் தெரியவந்தது.

மாமரம் வைத்திருப்பவர்களிடம் மாம்பழம் பற்றிக் கேட்காத இடம்

அந்தப் பெண்களில் நிறையப் பேர் வீட்டில் மாமரம் இருக்கிறது. சிலருக்கு ஏக்கர் கணக்கில் தோப்பே உண்டு, தண்ணீர் இல்லாமலும் விலை இல்லாமலும்தான் கூலிக்கு வருகிறார்கள். எந்தப் பழம் உலுக்கிப் பறித்தது, எது கையால் பறித்தது, எது மழை பட்டு இறங்கியது என்று கையில் வாங்கியதும் சொல்லிவிடுகிறார்கள். தன் தோப்பில் எந்த மரத்துக் காயை எப்போது இறக்கலாம் என்று தீர்மானிக்கிற ஒரு அம்மாவுக்கு இங்கே ஒரே ஒரு பழத்தைக் கழிக்கும் உரிமை கூட இல்லை. இதைச் சாதாரண விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை. மனுஷருக்குத் தன் திறமை புழங்குகிற உணர்வு, தன் முடிவுக்கு இடம் இருக்கிற உணர்வு, கூட இருப்பவர்களோடு ஒட்டுகிற உணர்வு ஆகிய மூன்றும் அடிப்படைத் தேவைகள் என்று உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் பல பத்தாண்டுகளாக எழுதி வந்தார்கள். மூன்றாவது அந்த பெல்ட்டில் தாராளமாகவே இருந்தது, ஒரே ஊர்ப் பெண்கள், பேச்சும் பாட்டும் நிற்காது. முதல் இரண்டும் சுத்தமாக இல்லை.

கூழ் எங்கே போகிறது என்று கேட்டேன். “டிரம்முல போவுது” என்றார்கள். எதற்கு என்று தெரியாது. லேப் எங்கே இருக்கிறது என்று தெரியும், உள்ளே போனதில்லை. அழுகல் பழம் உள்ளே போனால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, “கொதிக்கவைக்கிறாங்கல்ல, சரியாப் போயிடும்” என்று ஒரு பாட்டி சொன்னார். அது நியாயமான ஊகம்தான், வீட்டுச் சமையல் அறிவுக்கு அது பொருந்துகிறது. பூஞ்சை செத்தாலும் இழை போகாது என்று இத்தனை சீசனில் ஒருவர்கூட அவருக்குச் சொல்லவில்லை. 1976-இல் ஹேக்மேன், ஓல்ட்ஹாம் என்ற ஆய்வாளர்கள் ஒரு வேலையில் ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று எழுதியபோது, செய்வது முழுமையான ஒரு காரியமாகத் தெரிய வேண்டும், அது இன்னொருவரைத் தொட வேண்டும், செய்தது எப்படி இருந்தது என்று செய்தவருக்கே தகவல் திரும்பி வர வேண்டும் என்றார்கள். பெல்ட்டில் நிற்பவருக்குத் திரும்பி வந்த ஒரே தகவல் கிரேடின் எடை மட்டும்தான்.

வேனில் ஏறும் முன்பே செலவான தெம்பு

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். விடிவதற்குள் எழுந்து, பால் கறந்து ஊற்றி, தண்ணீர் பிடித்து, சமைத்துக் கட்டி வைத்துவிட்டு வேன் ஏறுகிறவர்கள் இவர்கள். அப்புறம் ஷிப்ட் முழுவதும் நின்றபடி வேலை. நின்று வேலை செய்கிறவர்களுக்கு, இடைவெளி கிடைக்கும்போது உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு சொன்னது. இங்கே லோடு தாமதமாகி பெல்ட் நிற்கும்போதுகூடத் தரையில் குந்துவதைத் தவிர வழியில்லை. கையுறை எல்லாருக்கும் ஒரே அளவு, சின்னக் கைகளுக்கு நழுவும், அதனால் கழற்றி வைத்துவிடுவார்கள், பழச்சாறும் ஈரமும் பட்டு விரலிடுக்கில் புண். கழிப்பறைக்குப் போகக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், ஆண்களிடம் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருந்தவர்கள் இருந்தார்கள். இதெல்லாம் வசதி பற்றிய விஷயம், மனநிலை பற்றிப் பேசும்போது எதற்கு என்று மகன் கேட்டார். வேலை கேட்கிற உழைப்பும் வேலை தருகிற துணையும் சேர்ந்துதான் ஒருவர் சோர்ந்துபோவதா ஒன்றிப்போவதா என்று முடிவாகிறது என்பது 2001-இல் டெமரௌட்டி, பேக்கர் முதலான ஆய்வாளர்கள் வைத்த மாதிரியின் சாரம். சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்பவரிடம் கவனத்தைக் கேட்க முடியாது என்று நான் அவரிடம் நேராகவே சொன்னேன்.

போன் விஷயம் நான் எதிர்பார்க்காத அளவுக்குப் பெரியதாக இருந்தது. உணவுத் தொழிற்சாலை என்பதால் உள்ளே போன் கூடாது, வாசலில் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அந்த விதி சரியானதுதான். ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் மாதம், சீசனும் அப்போதுதான் உச்சம். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிள்ளை அழுதால், பெரியவளுக்கு வயிற்று வலி என்றால், பள்ளியிலிருந்து யாரைக் கூப்பிடுவார்கள்? காலை முழுவதும் மனசு அந்தப் பெட்டியிலேயே கிடக்கிறது என்று ஒரு பெண் சொன்னார்.

கூலி

பக்கத்து ஆலையில் 20 ரூபாய் கூடக் கொடுத்ததால் போனார்கள் என்று ஆலை சொன்னது. போனவர்களில் சிலரை அவர்கள் ஊரில் போய்ப் பார்த்தேன். எல்லாரும் முதலில் சொன்னது 20 ரூபாயை இல்லை. லோடு வராத நாளில் வேனில் வந்து இறங்கிய பிறகு “இன்னிக்கு ஷிப்ட் இல்ல” என்று திருப்பி அனுப்பியதைத்தான் சொன்னார்கள். அன்றைக்கு வேறு கூலிக்கும் போக முடியாது. சில சமயம் அரைக்கூலி வந்தது, சில சமயம் வரவில்லை, ஏன் என்று யாரும் சொன்னதில்லை. பணம் மேஸ்திரி கையில் போய் அவர் கழித்துக்கொண்டது போக வரும், எவ்வளவு கழித்தார், எதற்கு என்று எழுத்தில் எதுவும் கிடையாது. பழம் இறக்கும் ஆண்களுக்கு டன் கணக்கு, அதனால் பழம் அதிகம் வந்த நாளில் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அதே பழத்தைப் பொறுக்கும் பெண்களுக்கு நாள் கூலி மட்டும்.

ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை மகனுக்கும் அவர் அப்பாவுக்கும் சொன்னேன். ஒரே நிறுவனத்தின் மூன்று ஆலைகளில் இரண்டில் 10 வாரத்துக்கு 15 சதவீதம் சம்பளம் குறைக்கப்பட்டது. ஒன்றில் ஏன் குறைக்கிறோம் என்று கணக்குகளோடு விளக்கி, வருத்தமும் தெரிவித்தார்கள், மற்றதில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போனார்கள். இரண்டிலுமே திருட்டு கூடியது. ஆனால் விளக்கம் சொல்லாத ஆலையில் கூடியது மிக அதிகம். பணம் குறைந்தது இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான். பெரியவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாம சொல்லாம வுட்டதுக்குத்தான் அவங்க போயிட்டாங்கன்றீங்க” என்றார். பாதி அதுதான் என்றேன். மீதிப் பாதி அந்த 20 ரூபாயே. கூலியே குறைவாக இருக்கும் இடத்தில் மரியாதையைக் காட்டி அதை ஈடுகட்டிவிடலாம் என்று யாராவது இந்த ஆய்வைப் படித்துவிட்டு நினைத்தால் நான் எழுதியதே வீண். சந்தைக் கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் மனநிலையைப் பற்றிப் பேசவேண்டும், அந்த ஆலை அடுத்த சீசன் கொடுத்தது.

2025 சீசனில் மாற்றியவை

முதல் மாற்றம் கிரேடை எடை போட்டு ஆளைக் கேட்பதை நிறுத்தியது. கழிவு எடை ஆலைக்கு வேண்டும், அதைக் குறித்துக்கொள்ளலாம், எந்த ஆள் எவ்வளவு தள்ளினார் என்ற கேள்வி இனி இல்லை. அதற்குப் பதில் ஷிப்ட் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பு பெல்ட்டை நிறுத்தி, ஒரு கிரேடைக் கவிழ்த்து, லேப்பில் வேலை செய்யும் பெண்ணும் பெல்ட் பெண்களும் சேர்ந்து பார்ப்பார்கள். கூலி நேரத்துக்குள்தான் அந்தப் பத்து நிமிடமும். முன்பு ஒருத்தியைக் கூனிக்குறுக வைத்த அதே கவிழ்த்துப் பார்க்கும் காரியம் இப்போது எல்லாரும் வாதாடுகிற இடமாகிவிட்டது. பர்கூர் பக்கத்துப் பெண்களில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் கணிசம், அதுவரை வாய் திறக்காதவர்கள் தெலுங்கிலேயே சண்டை போட்டார்கள், லேப் பெண்ணுக்கும் தெலுங்கு தெரிந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது, நாலைந்து பேராக லேபுக்குக் கூட்டிப்போய் மைக்ரோஸ்கோப்பைக் காட்டியது. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று சொன்ன பாட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “நூலு நூலா இருக்குதே” என்றார். அதற்கு மேல் பயிற்சி வகுப்பு எதுவும் தேவைப்படவில்லை.

மூன்றாவது, பெல்ட்டை நிறுத்தும் கயிறு. சந்தேகமான பழம் கூட்டமாக வந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று சொல்லப்பட்டது. ஒருவரும் இழுக்கவில்லை. நாள்கள் போயின, கயிறு சும்மா தொங்கியது. கடைசியில் கறுப்புப் பழத்தைத் திருப்பி வைத்த அதே அக்காதான் இழுத்தார், ஒரு லோடு முழுக்க அடிபட்டு வந்த அன்று. பெல்ட் நின்றதும் மொத்தப் பேரும் சூப்பர்வைசர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் வந்து பழத்தை வாங்கிப் பார்த்து, “சரிதான், அந்த லோட நிறுத்துங்க” என்று யார்டுக்குச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரோடு நான் பலமுறை உட்கார்ந்து பேசியிருந்தேன், லோடை நிறுத்தும் அதிகாரத்தை முதலாளியிடமிருந்து அவருக்கு எழுத்தில் வாங்கியும் கொடுத்திருந்தோம். அது இல்லாமல் அவரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மூன்று அளவில் கையுறை, பெல்ட் ஓரம் ஸ்டூல்கள், கழிப்பறைக்குக் கேட்காமல் போகலாம் என்ற ஏற்பாடு, பெல்ட்டுக்கும் சீவும் மேசைக்கும் மாறி மாறி நிற்பது, ஆபீஸ் நம்பரைப் பள்ளிக்கூடங்களில் கொடுக்கச் சொல்லி அழைப்பு வந்தால் உடனே ஆளுக்குத் தகவல் போவது. கடைசியில் சொன்னதற்குச் செலவே இல்லை, அதற்குத்தான் பெண்கள் அதிகமாக நன்றி சொன்னார்கள்.

ஷிப்ட் இல்லையென்றால் முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும், சொல்லாததால் வந்து திரும்பினால் அரைக்கூலி நிச்சயம் என்று எழுதி ஒட்டினார்கள். அந்த வாக்கு உடனே சோதனைக்கு வந்தது. 2025-இல் பெங்களூரா விலை படுத்துப்போனது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், முந்தைய கூழே தேங்கிக் கிடந்ததால் ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன, தோப்புக்காரர்கள் மரத்திலேயே காயை விட்டார்கள். ஷிப்ட் ரத்தாவது முந்தைய சீசனைவிட அதிகம். பெல்ட்டில் நிற்கும் பெண்ணின் புருஷன் அதே ஆலை வாசலில் டிராக்டரோடு காத்திருந்து, கேட்ட விலை கிடைக்காமல் திரும்பிய நாள்களும் உண்டு, அந்தக் கசப்பை எந்த ஏற்பாடும் துடைக்காது. ஆனாலும் ஒரு முறை சாயங்காலம் சொல்ல மறந்து வேன்கள் வந்துவிட்டன, அன்றைக்கு மகன் தானே வாசலுக்கு வந்து, கொள்முதல் ஏன் குறைந்தது, கிடங்கில் எவ்வளவு நிற்கிறது என்று சொல்லி, அரைக்கூலியை அங்கேயே மேஸ்திரி இல்லாமல் கையில் கொடுத்தார். அந்த வாரம் ஆட்கள் போய்விடுவார்கள் என்று நான் பயந்தேன். போகவில்லை.

கழிவு கூடியபோது வந்த பயம், அப்புறம் குக்கர்

கயிறு புழங்க ஆரம்பித்ததும் கழிவு கிரேடுகள் கூடின. பழம் வாங்கும் பிரிவில் ஒரே சத்தம், பெண்கள் வேண்டுமென்றே தள்ளுகிறார்கள் என்று பேச்சு. மகனும் ஆடிப்போனார். இந்த இடத்தில் ஏமி எட்மண்ட்சனின் ஆய்வு கைகொடுத்தது. மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நடக்கும் தவறுகளை அவர் ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்ததால் இல்லை, சொல்ல பயமில்லாததால் வெளியே வந்தன என்பது அவர் கண்ட விளக்கம். 1999-இல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் குழுக்களை வைத்து அவர் எழுதியதும், பேச பயமில்லாத குழு கற்றுக்கொள்கிறது, கற்றுக்கொள்வதால் வேலை நன்றாக வருகிறது என்பதைத்தான். இந்தக் கழிவு எல்லாம் போன சீசனிலும் இருந்தது, டிரம்முக்குள் இருந்தது என்று சொன்னதும் மகனுக்குப் புரிந்துவிட்டது.

பொறுமையாக இருந்ததற்குப் பலன், கவிழ்த்துப் பார்க்கும் நேரத்தில் வந்தது. அடிபட்டு வரும் பழம் எல்லாம் ஏறக்குறைய ஒரே வழியில் வருகிற லோடுகள், உலுக்கிப் பறித்துத் தரையில் விழுந்தவை என்று பெண்கள் அடையாளம் சொன்னார்கள். யார்டில் அடிக்கிரேடு பழம்தான் காம்பில் கறுக்கிறது, மேல் கிரேடு கறுப்பதில்லை என்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள். வாங்கும் இடத்திலும் அடுக்கும் விதத்திலும் கை வைத்ததும் கழிவு இறங்கியது. லேப் எண்ணிக்கை சீராக நின்றது, அந்த சீசனில் பகல் ஷிப்ட் சரக்கு எதுவும் திரும்பவில்லை.

குக்கர் விஷயத்தையும் எழுதியாக வேண்டும். சீசன் நடுவில் ஆலையே தன் விருப்பத்துக்கு “வாரத்தின் சிறந்த பெண்” என்று ஒரு பிரஷர் குக்கர் பரிசு அறிவித்தது. நல்ல எண்ணம்தான். முதல் வாரம் யாருக்குக் கிடைத்தது என்பதை வைத்து இந்த ஊருக்கா அந்த ஊருக்கா என்று பேச்சு கிளம்பியது, மேஸ்திரிகளுக்குள் உரசல், கவிழ்த்துப் பார்க்கும் நேரத்தில் வாய் திறந்தவர்கள் மறுபடி அமைதியானார்கள், ஏனென்றால் பேசினால் குக்கருக்காகப் பேசுகிறாள் என்று பெயர் வந்துவிடுகிறது. விருப்பத்தோடு செய்கிற காரியத்துக்கு வெளியிலிருந்து பரிசு வைத்தால் அந்த விருப்பமே குறையலாம் என்று டெசி 1971-இல் மாணவர்களுக்குப் புதிர் கொடுத்துச் செய்த சோதனையில் பார்த்தார். கூலி வேலையையும் புதிர் விளையாட்டையும் ஒன்றாக வைக்க முடியாதுதான், ஆனால் இங்கே ஒருவரை மட்டும் உயர்த்தியதில் கூட்டாகக் கட்டியது சரிந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பரிசை நிறுத்தி, அந்தப் பணத்தில் சீசன் முடிவில் எல்லாருக்கும் ஒரே மாதிரி பாத்திரம் கொடுத்தார்கள்.

தீராமல் கிடப்பவை

மேலே எழுதியதெல்லாம் பகல் ஷிப்ட். இரவு ஷிப்டில் சூப்பர்வைசர் வேறு, பெண்கள் ஊத்தங்கரை பக்கத்திலிருந்து இன்னும் தொலைவிலிருந்து வருகிறவர்கள், லேபில் இரவு ஆள் இல்லாததால் கவிழ்த்துப் பார்ப்பதே நடக்கவில்லை. அங்கேயும் கயிறு கட்டியிருக்கிறது, கடைசிவரை யாரும் இழுக்கவில்லை. ஒரே ஆலை, ஒரே பழம், ஒரே கூலி, ஆனால் ஈடுபாடு இரண்டு விதமாக இருந்தது என்பதே குணத்தைக் குறை சொல்பவர்களுக்கு என் பதில்.

மேஸ்திரி கழிப்பது இன்னும் எழுத்துக்கு வரவில்லை. சனிக்கிழமை நேராகக் கையில் கூலி தரவேண்டும் என்ற என் யோசனையை ஆலை ஏற்றது, மேஸ்திரிகள் வேனை நிறுத்திவிடுவோம் என்றதும் பின்வாங்கியது. வேன் வாடகையை ஆலையே தனியாகக் கொடுத்து, கூலியிலிருந்து அதைப் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் அவிழும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பெரியவர் சம்மதம் என்கிறார், மகன் இந்த வருஷக் கூழ் விற்றால் பார்க்கலாம் என்கிறார். இரவு ஷிப்டுக்கு லேப் ஆள் போடுவதற்கு மட்டும் மகன் ஒத்துக்கொண்டுவிட்டார். அல்போன்சா முதல் லோடு ஏறுவதற்கு முன்பே அந்த ஆளை எடுத்து, இரவு சூப்பர்வைசரையும் உட்காரவைத்து, லோடை நிறுத்தும் அதிகாரத்தை அவருக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.